ராமையா வீட்டு யுரேனியம்

என் பழைய அலுவலகத்தில் இப்போது ட்ரோன் வாங்கியிருக்கிறார்கள். பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், போனேன். என் கடைசி மகளைவிடச் சின்ன வயதில் ஒரு பெண், மடிக்கணினியை வைத்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்திருந்தாள். ட்ரோன் போய் நான்கு மலையைச் சுற்றிவிட்டு வந்தது. எந்த மண்ணில் யுரேனியம் இருக்கலாம், எதில் இல்லை என்று திரையில் சிவப்பும் மஞ்சளுமாக வந்து விழுந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதே நான்கு மலையை நான் ஏறி இறங்கியபோது அட்டைகள் குடித்த ரத்தத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு ரத்த வங்கியே நடத்தியிருக்கலாம். பொறாமைதான், மறைப்பானேன்.

டீ குடிக்கும்போது அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள், இத்தனை வருஷம் தேடினீர்களே, நீலகிரியில் யுரேனியம் எங்கேயாவது கிடைத்ததா என்று. கிடைத்தது என்றேன். அறிக்கை எதிலும் இல்லையே என்று சிரித்தார்கள். அறிக்கையில் இருக்காது. அது மண்ணுக்குள் கிடைக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தேன், டீ ஆறிப்போனது, எழுதிக் கொடுங்கள் சார் என்று விட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்றவனின் பேச்சை நிறுத்த இதைவிட மரியாதையான வழி கிடையாது.

நான் குன்னூர்க்காரன். காரமடைப் பக்கமிருந்து மலையேறி மளிகைக் கடை வைத்த குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், கனிமம் தேடும் ஓர் அரசுத் துறையில் கருவி உதவியாளன் ஆனேன். பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். அங்கே கற்றது இவ்வளவுதான்: கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது. எட்ட நில், கொஞ்ச நேரம் நில், நடுவில் கனமான எதையாவது வை. சப்பாத்தி தின்னவும் அங்கேதான் பழகினேன். மற்றதெல்லாம் சங்கரலிங்கம் சாரிடம் கற்றது.

சங்கரலிங்கம் சார் எங்கள் குழுவின் நிலவியலாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அபூர்வம். 'ஏலே' என்பார், கொஞ்சம் பிரியம் கூடினால் 'ஏலே மூதி' என்பார். ஜீப் ஓட்டிய போஜனுக்கும் அதே பட்டம்தான். போஜன் கட்டபெட்டுக்காரன், படுகர். சாரின் தமிழில் பாதி அவனுக்குப் புரியாது, புரிந்த பாதியில் கோபமும் வராது. ஆனால் ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். சார் குரலைத் தாழ்த்தி, நீங்க, வாங்க, தயவுசெஞ்சு என்று பேச ஆரம்பித்தால் ஏதோ ஆபத்து. ஒருமுறை பைக்காரா பக்கம் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போனபோது, "போஜன், தயவுசெஞ்சு வண்டிய மலைப் பக்கமா சாய்ச்சிருங்களேன்" என்றார். வண்டி நசுங்கியதைவிட அந்த 'ங்க'தான் போஜனை அதிகம் பயமுறுத்தியது.

வேலை தினமும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். முதலில் எல்லோரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜீப்பில் வைக்க வேண்டும். ஒரு எஸ்டேட்டில் பெரிய கிளார்க் ஒருவர் எங்களோடு வழிகாட்டியாக நடந்தார். அவர் நின்ற இடத்தில் எல்லாம் கருவியின் முள் எகிறியது. சார் அவரை முன்னே நட, பின்னே நட என்று அரை மணி நேரம் நடக்க வைத்தார். கடைசியில் பார்த்தால் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ரேடியம் கடிகாரம் அவர் கையில் இருந்தது. இருட்டில் மணி பார்க்கலாம் என்று பெருமையாகக் காட்டினார். அன்றிலிருந்து இந்தச் சட்டம். அடுத்து, வெட்டவெளியில் நின்று ஒன்றுமில்லாத இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்போம். எதையும் மூன்று முறை பார்ப்பது சாரின் வழக்கம். ஒரு முறை காட்டினால் கருவியின் குறும்பு, இரண்டு முறை காட்டினால் நம் ஆசை, மூன்றாவதுதான் கணக்கு என்பார்.

கருவிகள் இரண்டு. யுரேனியம் தேடும் கருவிக்கு சிண்டிலோமீட்டர் என்று பெயர், நாங்கள் வைத்த பெயர் மாமியார். பாறை மாறினால் முணுமுணுக்கும், மழை பெய்தால் முணுமுணுக்கும். தேடுவதற்கு அப்படிப்பட்ட காதுதான் வேண்டும். ஆனால் பெரிய சங்கதி என்றால் முள் கடைசிக்கு ஓடி ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல இன்னொரு கருவி உண்டு. அது மாமனார். வீடு பற்றி எரிந்தால்தான் வாய் திறக்கும், சொன்னால் சொன்னதுதான். மாமனாருக்கு நீலகிரியில் என்ன வேலை என்று கோத்தகிரி முகாமிலேயே பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவோம்.

அது தேயிலை விழுந்து கிடந்த காலம். பச்சைத் தேயிலை பறிக்கிற கூலிக்குக்கூட விலை போகவில்லை. ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. பறிக்காமல் விட்ட செடிகள் மரமாக வளர்ந்து எங்களுக்கு நிழல் கொடுத்தன. அதே நேரம் நாட்டின் அணு உலைகளுக்கு யுரேனியம் போதவில்லை, வெளியே கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள், உள்ளூர் மண்ணைக் கிளறிப் பாருங்கள் என்று எங்கள் துறைக்கு மேலே இருந்து நெருக்கடி. இந்த இரண்டு பஞ்சமும் சேர்ந்து ஒரு வதந்தியைப் பெற்றுப் போட்டன. யுரேனியம் இருக்கிற நிலத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும், கேட்ட விலை கொடுக்கும், வீட்டுக்கு ஒரு வேலை தரும். சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் எங்கள் ஜீப்புக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும். போகிற ஊரெல்லாம் மாப்பிள்ளை உபசாரம். டீக்கடையில் நுழைந்தால், "ஏனுங்க, கெடச்சுதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. போஜனும் காலையில் ஜீப்பை எடுக்கும்போதெல்லாம், போற வழியில நம்ம தோட்டத்துல ஒருவாட்டி வச்சுப் பாத்துருவோமுங்க என்று கெஞ்சுவான். சார் ஏலே என்று ஆரம்பிப்பார், அவன் கியரை மாற்றிவிடுவான்.

ஒரு எஸ்டேட்டில் உண்மையாகவே முள் ஏறியது. மானேஜரின் மனைவி சாருக்கு கேக் கொண்டுவந்து கொடுத்தார். சார் மூன்று முறை பார்த்தார், சரியாக மூன்று முறையும் ஏறியது. பிறகு சுவரை எட்டிப் பார்த்தால் உள்ளே உரக் குடோன், பொட்டாஷ் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பொட்டாஷுக்கும் கொஞ்சம் கதிர் உண்டு, மாமியாருக்கு அது போதும். கேக்கை முழுதாகத் தின்று முடித்த பிறகுதான் சார் அதை அவர்களிடம் சொன்னார். உரம் வாங்க வழியில்லாத தோட்டங்களில் மாமியார் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கீழ் கோத்தகிரிச் சரிவில் ராமையா வந்து சேர்ந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இங்கேயும் எஸ்டேட் வேலை, அந்த எஸ்டேட்டின் ஃபாக்டரி அப்போது பூட்டிக் கிடந்தது. வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலத்தில் தேயிலை வைத்திருந்தார். நாங்கள் சரிவை முடித்துக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பும்போது வழிமறித்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். யாரிடமும் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்வது சாரின் பழக்கமில்லை. கருவியை அணைக்காமலேயே தோளில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

வீட்டின் பின்பக்கம் திரும்பியதும் மாமியார் முணுமுணுப்பை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அளவை மாற்றினேன், மறுபடியும் கடைசி. ராமையாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"வந்திருச்சுங்களா தொர? இந்த மண்ணுல தேயிலை வராட்டியும் வேற என்னமோ இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

நான் ஏலேக்காகக் காத்திருந்தேன். சார் குடையை மடக்கினார்.

"சுப்பிரமணி, தயவுசெஞ்சு அங்கனயே நில்லுங்க" என்றார். "இல்ல, ஒரு பத்தடி பின்னால போயிருங்க."

சுப்பிரமணி நான்தான். பின்னால் நகர்ந்தேன். கொல்லையில் வெயிலுக்கு வசமாக, மடித்த உரச்சாக்கைப் போட்டு ஒரு பெண் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். ராமையாவின் மகள் பவானி, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாவது மாதம். எங்களைப் பார்த்துச் சீப்பை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தாயி, ஒரு உதவி செய்யணுமே" என்றார் சார், கோயிலில் பேசுகிற குரலில். "அம்மாவக் கூட்டிக்கிட்டு மேல ரோடு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாறீங்களா? இப்பவே போங்கம்மா."

அவள் எழுந்தாள். சாக்கு நழுவியது. அடியில் இருந்தது கல் இல்லை, கைப்பிடி வைத்த ஓர் உலோகப் பெட்டி. மணை உயரம் இருக்கும். ஒரு பக்கம் பூட்டு, பூட்டைச் சுற்றிச் சுத்தியல் அடித்த தழும்பு. நடுவில் மஞ்சள் மேல் அந்த முத்திரை, ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று இதழ். பயிற்சியின் முதல் நாளே எங்கள் மண்டையில் ஆணி அடித்து இறக்கிய முத்திரை அது. கதிர்வீச்சு, கிட்டே வராதே.

ராமையாவுக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருந்தது. நாங்கள் அதைப் பார்ப்பதைக் கண்டு அவரே விளக்கினார்.

"தேயிலைக் கம்பெனிச் சாமான்ங்க. நடுவுல மொட்டு, சுத்தி மூணு எலை, பாத்தீங்களா? ரெண்டு எலையோட நிறுத்தாம மூணு எலை வச்சுப் பறிச்சிருக்கானுக. எங்க கங்காணி கண்டிருந்தா கூடையோட திருப்பிக் கொட்டியிருப்பான்."

வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த மனிதருக்கு அது வேறு எப்படித் தெரியும்? இன்னொரு நாளாக இருந்தால் நான் விழுந்து சிரித்திருப்பேன்.

எல்லோரும் மேலே ரோட்டோரம் போனோம். மாமனாரைக் கொண்டுவர போஜன் கோத்தகிரிக்குப் பறந்தான். அவன் வரும் வரை சார் ராமையாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பெண் வீட்டார் போலப் பணிவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். ஃபாக்டரி பூட்டியபின் ராமையா ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் கூலிக்குப் போயிருக்கிறார். மலைக்குக் கீழே யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு ஷெட்டைக் காலி செய்தபோது இந்தப் பெட்டி கிடைத்திருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை, இரும்பில்லை, எனக்கு வேண்டாம் என்று வியாபாரி தள்ளிவிட்டார். ராமையா யோசித்தார். இரும்பில்லை, ஆனால் இரும்பைவிடக் கனம், போதாததற்குப் பூட்டு. பூட்டு போடுகிற அளவுக்கு உள்ளே என்ன இருக்கும்? ஒரு வாரமாகச் சுத்தியலால் அடித்துப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. மறுநாள் கேஸ் வெல்டிங் கடையில் வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

கேஸ் வெல்டிங் என்றதும் சார் ஐயா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, அத நீங்க எங்ககிட்ட ஒப்படைச்சிரணும்."

ராமையாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம்தான். கருவி கத்துகிறது, அதிகாரி கிசுகிசுக்கிறார், வண்டி எங்கோ ஓடுகிறது, கடைசியில் பெட்டியைக் கொடு என்கிறார்கள். தோட்டத்தில் மஸ்டர் என்று பேர் கூப்பிட்டுக் கூலி எழுதிய காலத்திலிருந்து எழுத்துப் படித்தவர்களின் சூட்சுமத்தைப் பார்த்து வளர்ந்தவர் அவர். முடியாது என்றார். தங்கமாக இருந்தால் மகளின் பிரசவத்துக்கு ஆகும், உங்களுக்குத் தூக்கிக் கொடுக்கவா சுமந்து வந்தேன் என்றார். நான் கதிர்வீச்சு, அணு என்று ஏதேதோ சொன்னேன். அவருடைய முகம் இன்னும் இறுகியது.

சார் ஒன்றும் விளக்கவில்லை. என் தோளிலிருந்து மாமியாரை வாங்கி ராமையாவின் தோளில் மாட்டி, வீட்டு முன்வாசல் வரை மட்டும் போய்த் திரும்பி வாருங்கள் ஐயா என்றார். ராமையா இறங்கினார், சத்தம் ஏறியது. திரும்பினார், சத்தம் அடங்கியது. மறுபடியும் போனார், வந்தார். சார் கேட்காமலேயே மூன்றாவது முறையும் போய் வந்தார். ரோட்டோரம் நின்றிருந்த அவர் மனைவி மாரியாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சாரிடம் வந்தாள்.

"அந்தச் சத்தம் எம் மவ ஒக்காந்திருந்த எடத்துலருந்து வருதுங்களா?"

"ஆமா தாயி."

அவள் புருஷனைப் பார்த்தாள். "அது தங்கமாவே இருக்கட்டும். எனக்கு வேணாம்."

அதோடு பேச்சு முடிந்தது. ராமையா தோளிலிருந்து கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நீட்டிய கையைச் சார் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிவப்பு, கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று. தேயிலைக் கறை ஏறிக் கறுத்து வெடித்த கை. அதில் என்ன தெரியும்?

போஜன் மாமனாரோடு வந்தான். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார், தயவுசெஞ்சு என்றும் சேர்த்துக்கொண்டார். குடையை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக இறங்கிப் போனார். குடையில்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன், வேறு யாரோ போலிருந்தார். வீட்டைச் சுற்றி ஒருமுறை, கொஞ்சம் நெருங்கி ஒருமுறை, பெட்டியை ஒட்டி ஒருமுறை. பிரார்த்தனை செய்தேன் என்று சொல்ல வெட்கமில்லை. மேலே ஏறி வந்தவர், உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கிறது, பூட்டு விடவில்லை என்றார். வெளியே கசிவது கொஞ்சம்தான், பவானி அதன்மேல் உட்கார்ந்த நேரத்துக்கெல்லாம் சேர்த்தாலும் பயப்படும் அளவில்லை என்றார். நாங்கள் மூச்சு விட்டோம். அவர் விடவில்லை.

செய்தி போய், பொழுது சாய்வதற்குள் கீழேயிருந்து அதற்கென்று இருக்கிற ஆட்கள் வந்து பெட்டியை எடுத்துப் போனார்கள். அது குழாய்களின் வெல்டிங்கைப் படம் பிடித்துப் பார்க்கும் சாமான். உள்ளே இருந்தது மிளகளவு இரிடியம். குழாய் வேலைக்கு வந்து நொடித்துப்போன ஒரு காண்ட்ராக்டர் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அந்த மிளகு வெளியே வந்து, யாராவது மினுமினுக்கிறதே என்று சட்டைப் பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. அதைச் சுற்றி அத்தனை கனமாக அணைத்துக்கொண்டிருந்த சுவர் எதனால் ஆனது என்று அவர்கள் சொன்னபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. யுரேனியம். வீரியமெல்லாம் எடுத்துவிட்ட சக்கை யுரேனியம், ஈயத்தைவிடக் கனம், அதனால் காவலுக்கு வைப்பார்கள். மலை மலையாக நாங்கள் தேடியது ராமையாவின் கொல்லையில் சாக்குக்கு அடியில் காவல் காத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் சுத்தியலால் அடி வாங்கியும் அது வழி விடவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சார் மறுநாளும் என்னை வாங்க, போங்க என்றார். அதற்கடுத்த நாளும். போஜன் கியரைத் தப்பாகப் போட்டு ஜீப் குதித்தபோது, பரவாயில்ல போஜன் என்றார். போஜன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்தான், அவன் கண்ணில் தண்ணீர். பவானிக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள், குறையில்லை. சாரே வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சரிவில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய், வாசலில் நின்று, சாப்பிடுகிறீர்களா தாயி என்று கேட்டுவிட்டு வந்தார். அப்படியும் மரியாதை குறையவில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கருவி இன்னைக்கு எவ்வளவுன்னுதான் சொல்லும் சுப்பிரமணி" என்றார். "அவரு ஒரு வாரம் சுத்தியலால அடிச்சிருக்காரு. நடுவுல ஒரு நிமிசம் அது நழுவி வெளிய வந்துட்டு, திரும்பவும் உள்ள போயிருந்தா? அந்தப் பிள்ள அதுமேல உக்காந்திருந்தா? நேத்தைக்கு எவ்வளவுன்னு சொல்ல நம்மகிட்ட கருவி இல்லீங்களே."

அதற்குப் பிறகு நானும் சரியாகச் சாப்பிடவில்லை. போஜன் தன் தோட்டத்தில் மாமியாரை வைத்துப் பார்க்கச் சொல்வதை நிறுத்திவிட்டான். எங்கள் ஜீப்பில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி ஊர் ஊராகப் போனோம்.

ஒரு காலை, முகாமில் கடிகாரங்களைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சார் எடுத்தார். ராமையா போனில் பேசுவது மலைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்துக்குக் கத்துவது மாதிரி, எங்களுக்கும் கேட்டது.

"பொம்பளப் புள்ளங்க தொர. தாயும் புள்ளயும் சொகமா இருக்காங்க."

சார் அசையவில்லை. "இன்னொருக்கச் சொல்லுங்க" என்றார். ராமையா சொன்னார். "பிள்ளைக்குக் கை, காலு, அழுகை எல்லாம் டாக்டர் பாத்தாச்சா? நல்லா இருக்குன்னாரா?" என்றார். ஆஸ்பத்திரியே அலறுகிறது, ஒரு குறையும் இல்லை என்றார் ராமையா. "மூணாவது தடவையும் சொல்லிருங்கய்யா" என்றார் சார். அந்தப் பக்கம் ராமையா சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் முதலிலிருந்து சொன்னார்.

சார் போனை வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே மூதி, ஏம்ல மரம் மாதிரி நிக்க? ஓடிப் போயி டீ சொல்லுல."

நான் ஓடினேன். மூன்று டீ என்பதை மூன்று முறை சொன்னேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையில் பிடித்த கெட்டிலோடு அப்படியே நின்றார்.

"ஏனுங்க, யுரேனியம் கெடச்சிருச்சுங்களா?"

"அதில்லீங்க" என்றேன். "எங்க சாரு என்னை ஏலேன்னு கூப்பிட்டுட்டாருங்க."